ஒரு முறைதான் அழிக்கலாம்

மார்கழியில் மயிலாப்பூர் வீட்டு வாசலில் 15 புள்ளிக் கோலம் போடும்போது ஒரு இழை கோணினால் போதும், தண்ணீர் தெளித்து மொத்தத்தையும் அழித்துவிடுவேன். மூன்றாவது முறை போடுவதற்குள் பால் வந்துவிடும், அடுப்படி வேலை அப்படியே கிடக்கும், மனசும் கசந்துபோகும்.

இப்போது ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். 20 நிமிடம், ஒரே ஒரு முறை அழிக்கலாம். அப்புறம் கோலப்பொடி டப்பாவை மூடிவிட வேண்டும். ஆபீஸ் மெயிலுக்கும் இதேதான்: ஒரு முறை திருத்துங்கள், அனுப்பிவிடுங்கள்.

அப்படியும் உங்களையே திட்டத் தோன்றுகிறதா? பக்கத்து வீட்டுப் பெண் அந்தத் தவறைச் செய்திருந்தால் என்ன சொல்வீர்கள்? "பரவாயில்லம்மா, அழகாத்தான் இருக்கு." அதையே உங்களுக்கும் சொல்லுங்கள், வாய்விட்டு.

அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் 2003-இல் தன்பரிவு பற்றி எழுதியபோது மூன்று விஷயங்களைச் சொன்னார்: தன்னிடம் கனிவு, தவறு எல்லோருக்கும் வரும் என்ற நினைவு, வருத்தத்தை ஊதிப் பெருக்காமல் பார்ப்பது. எனக்குக் கைகொடுத்தது இரண்டாவது. காலையில் தெருவில் ஒரு நடை போய்ப் பாருங்கள். மற்ற வாசல்களிலும் எங்கோ ஒரு இழை கோணித்தான் இருக்கும்; அந்தக் கோலங்களை ரசித்துக்கொண்டுதான் நாம் நடப்போம்.