மருத்துவமனைக்கான நீர்ச் சுத்திகரிப்பு: திட்டமிடலும் அன்றாடச் சோதனையும்

மருத்துவமனைக்கு நீர்ச் சுத்திகரிப்பு அமைப்பு வாங்க முனைவோர் பெரும்பாலும் முதலில் கேட்பது, மணிக்கு எத்தனை லிட்டர் தரும் ஆர்.ஓ. (நுண்சவ்வு வழியே நீரை அழுத்தி உப்பை நீக்கும்) இயந்திரம் வேண்டும் என்பதைத்தான். அதற்கு முன், எந்தப் பிரிவுக்கு எவ்வகை நீர் தேவை என்பதை எழுதிக்கொள்ள வேண்டும். கைகழுவும் குழாய்களுக்குக் குடிநீர்த் தரம் போதும். சலவைப் பிரிவுக்கு மென்னீர், அதாவது கால்சியம், மக்னீசிய உப்புகள் நீங்கிய நீர், போதும். அறுவைக் கருவிகளின் கடைசி அலசலுக்கும் நீராவியால் அவற்றைக் கிருமிநீக்கும் ஆட்டோகிளேவுக்கும் உப்பு நீக்கிய நீர் வேண்டும், இல்லையேல் கருவிகளில் வெண்புள்ளிகள் படியும். இவை அனைத்தையும்விடக் கடுமையான தரம், சிறுநீரகம் செயலிழந்தவர்களின் ரத்தத்தை இயந்திரத்தால் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் பிரிவுக்கு உரியது. அந்தத் தர நீரையே கட்டடம் முழுவதும் ஓட்டலாமே என்ற எண்ணம் எழுவது இயல்பு. ஆனால் குளோரின் நீங்கிய நீர் நீண்ட குழாய்களில் தேங்கினால் கிருமிகள் பெருகும் என்பதால், செலவை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் அது தவறான முடிவே.

டயாலிசிஸின்போது நிமிடத்துக்கு 500 மில்லி வீதம், 4 மணி நேரத்தில் 120 லிட்டர் நீர் ஒரு மெல்லிய சவ்வின் மறுபக்கத்தில் நோயாளியின் ரத்தத்தை ஒட்டி ஓடுகிறது. குடிக்கும் நீரில் கலந்திருப்பவற்றைக் குடல் ஓரளவு தடுக்கிறது, சிறுநீரகம் வெளியேற்றுகிறது. இங்கே அந்த இரண்டு காவலும் இல்லை. ஆகவே இப்பிரிவின் தேவையை வைத்தே அமைப்பைத் திட்டமிடுவது நல்லது. மணல் வடிகட்டி, நீரை மென்னீராக்கும் சாஃப்ட்னர், குளோரினை நீக்கும் கார்பன் தொட்டிகள், நுண்வடிகட்டி, ஆர்.ஓ., விநியோகக் குழாய் என்பது வழக்கமான வரிசை. சாஃப்ட்னரைக் கார்பனுக்கு முன்னே வைப்பதில் ஒரு நன்மை உண்டு: நீரில் எஞ்சியுள்ள குளோரின், சாஃப்ட்னருக்குள் கடினத்தன்மையை ஈர்க்கும் ரெசின் மணிகளில் கிருமி வளராமல் காக்கும்.

சாஃப்ட்னரின் அளவை விற்பனையாளரின் பேச்சை நம்பித் தீர்மானிக்காமல், நாமே கணக்கிட்டுவிடலாம். நாளொன்றுக்கு 20 டயாலிசிஸ் என்றால் 2,400 லிட்டர் தூய நீர் வேண்டும். ஆர்.ஓ. தனக்குள் வரும் நீரில் பாதியைக் கழிவாக விடுவதாகக் கொண்டால், உள்ளே செல்ல வேண்டியது 4,800 லிட்டர். மூலநீரின் கடினத்தன்மை (கால்சியம், மக்னீசிய உப்புகளின் அளவு) லிட்டருக்கு 400 மில்லிகிராம் என்றால், அன்றைக்கு நீக்க வேண்டியது 1.92 கிலோ. ஒரு லிட்டர் ரெசின் சுமார் 50 கிராம் நீக்கும் எனக் கொண்டால் ஏறத்தாழ 38 லிட்டர் ரெசின் தேவைப்படும். இயந்திரங்களைக் கழுவும் நீரையும் கோடைக்காலத்தில் ஏறும் கடினத்தன்மையையும் எண்ணி 60 லிட்டர் வைப்பது பாதுகாப்பு. உப்புக்கரைசலால் ரெசினைப் புதுப்பிக்கும் வேலை இரவில் மட்டும் நடக்க வேண்டும். மின்தடைக்குப் பின் டைமரின் கடிகாரம் பின்தங்கி, சிகிச்சை நேரத்தில் புதுப்பித்தல் தொடங்கிவிடும் வாய்ப்பு இருப்பதால், காலையில் முதல் வேலையாகக் கடிகாரத்தைப் பார்க்கும் பழக்கம் வேண்டும். உப்புத் தொட்டியில் மேற்பரப்பு இறுகிப் பாலம்போல நின்று, கீழே வெற்றிடமாகக் கிடப்பதுண்டு. மேலிருந்து பார்த்தால் உப்பு நிறைந்தே தெரியும் என்பதால், கோலால் குத்திப் பார்த்தால்தான் உண்மை விளங்கும். கடினத்தன்மைச் சோதனையை நாள் முடிவில், ரெசின் களைத்திருக்கும் நேரத்தில் செய்ய வேண்டும்: சோதனைத் துளிகள் விழுந்ததும் நீர் நீலமாக இருந்தால் சரி, ஒயின் சிவப்பாக மாறினால் கடினத்தன்மை கசிகிறது.

கார்பன் தொட்டிதான் அமைப்பிலேயே மிகுந்த கவனம் கோரும் பகுதி. நகராட்சி நீரில் சேர்க்கப்படும் குளோராமைனை (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த கிருமிநாசினி) ஆர்.ஓ. சவ்வு தடுக்காது, அது ரத்தத்தை எட்டினால் சிவப்பணுக்கள் சிதையும். கார்பன் தவறவிட்டதைப் பின்னால் பிடிக்க வேறெதுவும் இல்லை. எனவே இரண்டு தொட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து, நீர் கார்பனுடன் மொத்தம் 10 நிமிடம் தொடர்பில் இருக்கும்படி செய்ய வேண்டும். மணிக்கு 1,000 லிட்டர் ஓடும் அமைப்பில் இதற்குச் சுமார் 167 லிட்டர் கார்பன், அதாவது தொட்டிக்கு 84 லிட்டர் பிடிக்கும். அமைப்பு 15 நிமிடம் ஓடிய பின், ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் முன்பாக, முதல் தொட்டிக்கும் இரண்டாவதுக்கும் இடையிலுள்ள குழாயில் மாதிரி எடுத்து, தனிக் குளோரினும் குளோராமைனும் சேர்ந்த மொத்தக் குளோரினைச் சோதிக்க வேண்டும். தனிக் குளோரினை மட்டும் காட்டும் கிட், குளோராமைனைக் காட்டாது. லிட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டினால் உடனே இரண்டாவது தொட்டியின் பின்னே சோதிக்க வேண்டும். அங்கே சரியாக இருந்தால் சோதனையை அடிக்கடி செய்துகொண்டே சிகிச்சையைத் தொடரலாம், முதல் தொட்டியை விரைவில் மாற்ற வேண்டும். அங்கேயும் தாண்டியிருந்தால், காத்திருக்கும் நோயாளிகள் எத்தனை பேரானாலும் டயாலிசிஸை நிறுத்தியாக வேண்டும்.

ஆர்.ஓ. இயந்திரத்தில் உள்நீர், தூயநீர் இரண்டின் கடத்துத்திறனையும் (கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்தும் திறன்) நாள்தோறும் குறித்து வந்தால், சவ்வு தேய்வது வாரங்களுக்கு முன்பே தெரிந்துவிடும்.

விநியோகக் குழாய் வளையமாகச் சுற்றித் தூயநீர்த் தொட்டிக்கே திரும்ப வேண்டும். பயன்படாத கிளைகள் இருக்கக் கூடாது. தாமிரமும் பித்தளையும் எங்கும் நுழையக் கூடாது. கட்டுப்பாட்டு எல்லை மில்லிக்கு 100 கிருமித் தொகுதிகள், எண்டோடாக்சின் (சில கிருமிகளின் உடலிலிருந்து வெளிப்படும் நச்சு) 0.25 அலகு என்றாலும், அதில் பாதியை எட்டியதுமே வளையத்தைக் கிருமிநீக்கம் செய்துவிட வேண்டும். மாதாந்தர மாதிரியைக் கிருமிநீக்கத்துக்கு முன்பாக, வளையத்தின் கடைசி இயந்திரத்துக்கு நீர் செல்லும் இடத்தில் எடுக்க வேண்டும். கிருமிநீக்கம் முடிந்த மறுநாள் எடுத்த மாதிரி, மாதம் முழுவதும் நோயாளிக்குச் சென்ற நீரைப் பற்றி எதுவும் சொல்லாது.