பார்த்தேன், ஆனால் தெரியவில்லை: ‘லுக்’, ‘ஸீ’ இரண்டையும் பிரித்தறியும் முறை

ஏற்காட்டின் லேடீஸ் சீட் காட்சிமுனையில் ஒரு தொலைநோக்கி இருக்கிறது. வானம் தெளிந்திருக்கும் நாளில் அங்கிருந்து மேட்டூர் அணையைக்கூடக் காணலாம் என்பார்கள். ஆனால் மார்கழி மாதத்து விடியற்காலையில், இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மேலேறி, மூடுபனிக்குள் அந்தத் தொலைநோக்கியில் கண்ணை வைத்தவர் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்: “பார்த்தேன், ஆனால் ஒன்றும் தெரியவில்லை.”

இன்றைய பாடம் முழுவதும் அந்த வாக்கியத்துக்குள் இருக்கிறது. அதில் ‘பார்த்தேன்’ என்பது ஆங்கிலத்தின் ‘லுக்’. ‘தெரியவில்லை’ என்பதில் இருப்பது ‘ஸீ’. சேலத்தில் மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துவரும் எனக்கு, மாணவர்கள் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதற்கான காரணம் அவர்களுடைய ஆங்கிலத்தில் இல்லை என்றே தோன்றுகிறது. இரண்டு சொற்களுக்கும் ‘பார்’ என்று பொருள் எழுதி மனப்பாடம் செய்ததுதான் காரணம். (‘சீ’ என்று எழுதினால் வசவாகிவிடும் என்பதால் இங்கு ‘ஸீ’ என்றே எழுதுகிறேன்.)

படி 1: முயற்சியையும் பலனையும் பிரித்துக்கொள்ளுங்கள்

‘லுக்’ என்பது நாம் செய்யும் செயல். கண்ணை ஒரு திசையில் திருப்பி, ஒரு பொருளின்மேல் வைக்கிறோம்; அங்கே எதுவும் தென்படாவிட்டாலும் அந்தச் செயல் நடந்து முடிந்துவிட்டது. ‘ஸீ’ என்பது கண்ணில் படுவது. நாம் முயன்றாலும் முயலாவிட்டாலும், ஒரு பொருள் கண்ணுக்குப் புலப்பட்டால் அது ‘ஸீ’. ஆகவே மூடுபனிக்காரர் சொல்ல வேண்டியது, “ஐ லுக்ட், பட் ஐ குடின்ட் ஸீ எனிதிங்.” இதில் இரண்டு சொற்களையும் இடம் மாற்றிப் போட்டால் வாக்கியம் பொருளற்றுப்போகும்.

இன்னோர் எடுத்துக்காட்டு. ஏற்காடு சாலையில் பேருந்தில் போகும்போது மாடர்ன் தியேட்டர்ஸின் பழைய நுழைவு வளைவு சன்னலுக்கு வெளியே கடந்து போகிறது. நீங்கள் அதைத் தேடவில்லை, கண்ணில் பட்டது. “ஐ ஸா தி ஆர்ச்.” இன்னொரு நாள் அங்கேயே இறங்கி, அதன் எதிரில் நின்று, மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்க்கிறீர்கள். “ஐ லுக்ட் அட் தி ஆர்ச்.” தமிழில் இரண்டு நாளும் ‘வளைவைப் பார்த்தேன்’தான்.

படி 2: தமிழ் வாக்கியத்தையே சோதித்துப் பாருங்கள்

ஆங்கிலத்தில் வாய்திறக்கும் முன், மனத்திலுள்ள தமிழ் வாக்கியத்தின் ‘பார்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் ‘கண்ணில் பட்டது’ என்றோ ‘தெரிந்தது’ என்றோ வைத்துப் பாருங்கள். பொருள் கெடாமல் நின்றால் ‘ஸீ’. ‘கண்ணைத் திருப்பினேன்’, ‘உற்று நோக்கினேன்’ என்று வைத்தால்தான் பொருந்துகிறது என்றால் ‘லுக்’. “நேற்று கடைவீதியில் உங்கள் தம்பியைப் பார்த்தேன்” என்பதில் தம்பி கண்ணில் பட்டார், ஆகவே ‘ஸா’. “கரும்பலகையைப் பாருங்கள்” என்பதில் கண்ணைத் திருப்பச் சொல்கிறோம். ஆகவே ‘லுக் அட்’.

படி 3: வாக்கியத்தைக் கட்டுங்கள்

‘லுக்’கிற்குப் பின்னால் பார்க்கப்படும் பொருள் வந்தால், நடுவில் ‘அட்’ வேண்டும். பொருள் இல்லாமல் வெறுமனே ‘பார்!’ என்று கூவும்போது ‘அட்’ வேண்டாம். ‘ஸீ’க்கு இந்த ஒட்டு எதுவும் தேவையில்லை, பொருள் நேராகவே வந்து சேரும்.

சிக்கல் வேறோர் இடத்தில் இருக்கிறது. ‘எனக்கு அணை தெரிகிறது’ என்னும்போது தமிழில் அணைதான் எழுவாய். பார்ப்பவர் ‘எனக்கு’ என்று நான்காம் வேற்றுமையில் ஒதுங்கி நிற்கிறார். ஆங்கிலத்தில் அந்த ‘எனக்கு’ முன்னால் வந்து ‘ஐ’ ஆகிறது, அணை செயப்படுபொருளாகப் பின்னால் போகிறது: “ஐ கேன் ஸீ த டேம்.” சொல்லுக்குச் சொல் மாற்றினால் அணை நம்மைப் பார்ப்பதுபோல் ஆகிவிடும். அந்த ‘கேன்’ என்பதையும் விட்டுவிடாதீர்கள். இந்தக் கணத்தில் ஒன்று கண்ணுக்குத் தெரிகிறது என்பதை ஆங்கிலம் பெரும்பாலும் ‘கேன் ஸீ’ என்றுதான் சொல்கிறது. ‘ஐ ஆம் ஸீயிங் த டேம்’ என்பது இயல்பாக ஒலிப்பதில்லை. ‘பார்த்துக்கொண்டிருக்கிறேன்’ என்று தொடர்செயலாகச் சொல்ல வேண்டுமானால் ‘ஐ ஆம் லுக்கிங் அட் த டேம்’ என்பதே வழி. ஏனென்றால் செயலைத்தான் நீட்ட முடியும், பலனை அவ்வாறு நீட்டுவதில்லை. நகர்வதையோ நடப்பதையோ தொடர்ந்து பார்ப்பதற்கு, அதாவது கிரிக்கெட், தொலைக்காட்சி போன்றவற்றுக்கு, ‘வாட்ச்’ என்ற மூன்றாவது சொல் இருக்கிறது. அதைத் தனியாகக் கற்றுக்கொள்ளலாம்.

படி 4: ‘தெரிகிறது’ ஏமாற்றும் இடத்தை அறிந்துகொள்ளுங்கள்

‘தெரிகிறது’ என்றாலே ‘ஸீ’ என்று நான் மேலே சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டால் ஓரிடத்தில் வழுக்கும். “களைப்பாகத் தெரிகிறீர்களே” என்பதை ஆங்கிலத்தில் “யூ லுக் டயர்ட்” என்றுதான் சொல்ல வேண்டும். இங்கே தெரிவது பொருளன்று, அதன் தோற்றம். ‘களைப்பாக’, ‘அழகாக’, ‘புதிதாக’ என்று தோற்றத்தைக் குறிக்கும், ‘ஆக’ ஒட்டிய சொல் முன்னால் வந்தால் ‘லுக்’. அப்போது ‘அட்’ வரவே கூடாது.

படி 5: கண்ணோடு தொடர்பில்லாத ‘பார்’களை விலக்குங்கள்

தமிழின் ‘பார்’ ஓயாமல் உழைக்கும் சொல். “அஸ்தம்பட்டியில் வீடு பார்க்கிறோம்” என்றால் தேடுகிறோம். ஆகவே ‘லுக்கிங் ஃபார்’. “டாக்டரைப் பார்க்கப் போகிறேன்” என்றால் சந்திக்கப் போகிறேன், அது ‘ஸீ’. இதை ‘லுக் அட்’ என்று சொன்னால் டாக்டரை முறைக்கப் போவதாக அர்த்தமாகிவிடும். இந்தச் சந்திப்புப் பொருளில் மட்டும் ‘ஐ ஆம் ஸீயிங் த டாக்டர் டுமாரோ’ என்று தொடர்வடிவில் சொல்வது சரியே. “குழந்தையைப் பார்த்துக்கொள்” என்பது ‘லுக் ஆஃப்டர்’. “வேலை பார்க்கிறார்” என்பதற்கு இரண்டுமே பொருந்தாது; அது ‘வர்க்’. “சாப்பிட்டுப் பாருங்கள்” என்பதும் அப்படியே. ‘ஈட் அண்ட் ஸீ’ என்பது நம் வீட்டு ஆங்கிலம், ‘ட்ரை இட்’ என்பதே இயல்பு.

“கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்” என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். எழுந்து போய்க் கண்ணால் பார்க்கும் வேலைதானே, ‘லுக்’ வராதா என்று கேட்பார்கள். கேட்பவருக்குத் தேவைப்படுவது நீங்கள் கண்ணைத் திருப்புவதன்று, பூட்டியிருக்கிறதா இல்லையா என்ற விடை, அது பலன். ஆகவே “ஸீ இஃப் த டோர் இஸ் லாக்ட்.” புரிந்தது என்னும் பொருளில் ‘ஐ ஸீ’ என்பதும் இவ்வழி வந்ததுதான். தமிழிலும் ‘தெரி’ என்ற ஒரே சொல் கண்ணுக்குப் புலப்படுவதையும் அறிவுக்குப் புலப்படுவதையும் சேர்த்துச் சுமக்கிறது. லேடீஸ் சீட்டில் நின்று “இங்கிருந்து மேட்டூர் அணை தெரியுமா?” என்று கேட்கும் கேள்வியில் ‘இங்கிருந்து’ என்பதை நீக்கிவிட்டால், 1934-இல் கட்டி முடித்த அந்த அணையைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா என்றும் அது பொருள்படும்.

பயிற்சி

கீழ்க்காணும் நான்கையும் படி 2-இன் சோதனைக்கு உட்படுத்தி, ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். 1. “கிளியூர் அருவியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வா.” 2. “அந்தப் பூவைப் பார், எவ்வளவு பெரியது!” 3. “ஏரி இன்று கலங்கலாகத் தெரிகிறது.” 4. “வரும் வழியில் காட்டெருமை ஒன்றைப் பார்த்தோம்.”

விடைகள் வரிசையாக: ஸீ, லுக் அட், லுக், ஸா. நான்காவதற்கு ‘லுக்ட் அட்’ என்று எழுதியவர்களின் விடையும் தவறாகாது, ஆனால் அவர்கள் வண்டியை நிறுத்தி அந்தக் காட்டெருமையைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும்.