முதன்முறை கோலாலம்பூர் வருவோருக்கு: ஒரு நாளில் சுற்றிப் பார்க்கும் முறை

கோலாலம்பூரை ஒரே நாளில் பார்க்க விரும்புவோர் இடங்களின் புகழை வைத்து வரிசைப்படுத்துவதைவிட, வெயிலையும் மழையையும் கணக்கில் கொண்டு திட்டமிடுவதே நல்லது. காலையில் திறந்தவெளி, உச்சி வெயிலுக்கும் பிற்பகல் இடிமழைக்கும் அருங்காட்சியகம், இருட்டியபின் இரட்டைக் கோபுரம் என்று வைத்துக்கொண்டால் அலைச்சல் பாதியாகக் குறையும்.

முதலில், காலை எட்டு மணிக்குள் எல்.ஆர்.டி. ரயிலில் மஸ்ஜித் ஜாமேக் நிலையத்தில் இறங்குங்கள். செட்டியார்கள் கிட்டங்கி எனும் தொழிலகம் வைத்து வட்டித் தொழில் நடத்திய லெபோ அம்பாங் தெரு அருகிலேயே இருப்பதால், பசியாறலை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். பிறகு கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடுமிடத்தில் நிற்கும் ஜாமேக் பள்ளிவாசலைக் கரையிலிருந்து பாருங்கள். 1909இல் திறக்கப்பட்ட இதன் சுவர்களில் செங்கல்லும் வெண்சாந்தும் பட்டை பட்டையாக மாறி மாறி வரும் அழகையும், கூரை விளிம்பில் நிற்கும் சிறு குடைமண்டபங்களையும் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். பிற்பகலில் அது தேவைப்படும்.

அடுத்து, மெர்டேக்கா சதுக்கத்திற்கு நடந்து செல்லுங்கள். 1897இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்தின் 41 மீட்டர் மணிக்கூண்டை எதிர்ப்புறத் திடலில் நின்று பார்த்தால்தான் முழுமையாகத் தெரியும். இங்கே அரை மணி நேரம் போதும்.

மூன்றாவதாக, ஜாலான் துன் எச்.எஸ். லீயில் உள்ள ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில். தம்புசாமி பிள்ளை 1873இல் நிறுவிய இக்கோயிலிலிருந்துதான் ஒவ்வொரு தைப்பூசத்திற்கும் வெள்ளி இரதம் பத்துமலைக்குப் புறப்படுகிறது. ஐந்து நிலை இராஜகோபுரம் 1968இல் எழுப்பப்பட்டது. சாலையின் மறுபக்கத்தில் நின்று சுதைச் சிற்பங்களை நிலை நிலையாகப் பார்த்துவிட்டு உள்ளே செல்லுங்கள்.

வாழை இலைச் சாப்பாட்டுக்குப் பின், பசார் செனி நிலையத்திலிருந்து நடைபாலம் வழியே பழைய ரயில் நிலையத்தை அடையலாம். 1910இல் திறக்கப்பட்ட இந்நிலையமும் காலையில் பார்த்த பள்ளிவாசலும் ஆர்தர் பெனிசன் ஹப்பேக் என்ற ஒரே கட்டடக் கலைஞரின் வடிவமைப்பே. அதே குடைமண்டபங்கள் இங்கே வெண்ணிறத்தில் நிற்பதைக் கண்டால், ஒரே கை இரு வேறு தேவைகளுக்கு எப்படி வளைந்து கொடுத்திருக்கிறது என்பது விளங்கும்.

அங்கிருந்து தேசியப் பள்ளிவாசலைக் கடந்தால், 1998இல் திறக்கப்பட்ட இஸ்லாமியக் கலை அருங்காட்சியகம். பிற்பகல் முழுவதையும் இதற்கே ஒதுக்குங்கள். தேசிய அருங்காட்சியகத்தையும் இதே நாளில் திணித்தால் இரண்டும் மனத்தில் தங்காது. கட்டடக்கலைக் கூடத்திலிருந்து தொடங்குவது தொடக்கநிலையினருக்கு எளிது. தாஜ்மகால் முதலிய கட்டடங்களின் மாதிரியுருக்களைச் சுற்றி வந்து பார்க்கும்போது, தரையில் நின்று காண முடியாத அமைப்பு முழுவதும் புலப்படும். பின்னர் சீனக் கூடத்தைத் தவறவிடாதீர்கள். தூரிகையால் எழுதப்பட்ட அரபு எழுத்துகள் அங்கே சீனச் சுருளோவியம் போலவே தொங்குகின்றன. கோடு தடித்து மெலியும் இடங்களை அருகில் நின்று பாருங்கள், எழுதிய கையின் வேகமே தெரியும். ஒவ்வொரு கூடத்திலும் இரண்டு மூன்று பொருள்களை நின்று பார்த்தால் போதும்.

மாலையில் பசார் செனிக்குத் திரும்பி அதே எல்.ஆர்.டி. தடத்தில் கே.எல்.சி.சி. செல்லுங்கள். 452 மீட்டர் உயர இரட்டைக் கோபுரங்களை விளக்கொளியில் பூங்காவிலிருந்து பார்ப்பதற்குக் கட்டணமில்லை. இணைப்புப் பாலத்தில் ஏற விரும்புவோர் நுழைவுச்சீட்டை இணையத்தில் முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும்.