144 பக்கமா, 128 பக்கமா?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கற்பனைப் பாத்திர விளையாட்டின் பழைய விதிநூல்களைச் சேகரிக்கிறேன். அதில் என்னை அதிகம் குழப்பியது டிஎஸ்ஆர் நிறுவனம் 1980-இல் வெளியிட்ட, விளையாட்டில் வரும் கடவுளர்களைப் பற்றிய ‘டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்’. தொடக்க அச்சுகளில் 144 பக்கங்கள். லவ்கிராஃப்டின் திகில் கதைகளிலிருந்து வந்த க்துலு, மூர்காக்கின் கற்பனைக் கதைகளிலிருந்து வந்த மெல்னிபோனே என்ற பகுதிகள் இரண்டும் இருக்கும். பிறகு அவற்றை நீக்கி 128 பக்கமாக்கினார்கள். அட்டை ஓவியம் மட்டும் அப்படியே. விற்பவர் காட்டும் அட்டைப் படத்தை வைத்து எந்த அச்சு என்று சொல்லவே முடியாது. விலையோ வெகுவாக வேறுபடும்.

இப்போதெல்லாம் பணம் அனுப்பும் முன் பொருளடக்கம், கடைசிப் பக்க எண், நன்றியுரை மூன்றையும் படமெடுத்து அனுப்பச் சொல்கிறேன். 144 பக்கப் பிரதியில் கேயோசியம் நிறுவனத்துக்கு (அந்த இரு கதையுலகங்களிலும் விளையாட்டு வெளியிடும் உரிமை பெற்றிருந்த நிறுவனம்) நன்றி இல்லையென்றால் முதல் அச்சு. இருந்தால் அடுத்த அச்சு. அட்டையும் பக்கங்களும் சேரும் இடத்தையும் விரித்துக் காட்டச் சொல்வேன், அங்கேதான் கட்டு விட்டுப்போகும். நேர்மையான விற்பனையாளர்கள் இதற்கு அலுத்துக்கொள்வதே இல்லை.

எனக்குக் கிடைத்த 144 பக்கப் பிரதியில் பூஞ்சை வாடை. மூடிய டப்பாவுக்குள் அதையும், தாளில் படாதபடி ஒரு கிண்ணத்தில் சமையல் சோடாவும் வைத்துச் சில வாரங்கள் விட்டேன். பெரும்பாலும் போய்விட்டது. வாசனைத் திரவியம் மட்டும் தெளித்துவிடாதீர்கள், தாளில் கறை படியும்.