மாடித் தோட்டம் தொடங்கும் முன்: கோவையில் தோட்டம் பார்க்கும் முறை

மாடித் தோட்டம் போட விரும்புகிறவர்கள் பெரும்பாலும் நேராக நர்சரிக்கோ விதைக் கடைக்கோ போய்விடுகிறார்கள். செலவு செய்வதற்கு முன், நகரின் பொதுத் தோட்டம் ஒன்றையும், சில ஆண்டுகளாகக் காய்த்துக்கொண்டிருக்கும் மாடித் தோட்டம் ஒன்றையும் நிதானமாகப் பார்த்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எதை எங்கே கவனிப்பது என்பதைக் கோயம்புத்தூரை வைத்துப் படிப்படியாக விளக்குகிறேன்.

படி 1: காலத்தைத் தேர்ந்தெடுத்தல்

பூக்களை ரசிப்பதற்கு மார்கழியும் தையும் ஏற்றவை. கற்றுக்கொள்வதற்கு ஆடியும் ஆவணியுமே சிறந்தவை. ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று பலமாக வீசும், ஆனால் நகருக்குள் மழை குறைவாகவே பெய்யும் என்பதால், பந்தல் சாய்வதையும் பூ உதிர்வதையும் பைகள் விரைவில் காய்ந்துபோவதையும் அப்போதுதான் கண்ணால் காண முடியும்.

படி 2: பொதுத் தோட்டம்

மருதமலை சாலையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் பூங்காவில் தொடங்குங்கள். காலையில் சென்று, திறந்த வெயிலில் செழித்திருப்பவை எவை, மரநிழலில் மட்டும் செழித்திருப்பவை எவை என்று இரண்டு பட்டியல்களாகக் குறித்துக்கொள்ளுங்கள். மொட்டை மாடியில் நிழல் கிடையாது என்பதால், நிழல்வலை அமைக்கும் எண்ணம் இல்லாதவர்களுக்கு முதல் பட்டியல் மட்டுமே பயன்படும். நர்சரியில் ஒரு சாண் உயரத்தில் விற்கப்படும் செடி முழுதாக வளர்ந்தால் எவ்வளவு இடம் கேட்கும் என்பதும் இங்கேதான் புரியும். இலையோ விதையோ பறிக்க வேண்டாம். வேலை செய்யும் தோட்டக்காரர்களிடம் பணிவாகக் கேட்டால் மகிழ்ச்சியுடன் விளக்குவார்கள்.

படி 3: மாடித் தோட்டம்

தேங்காய்நார்க் கழிவு, பைகள், விதைகள் அடங்கிய மாடித் தோட்டத் தொகுப்புகளைத் (‘தளை’ என்பார்கள்) தமிழக அரசு மானிய விலையில் வழங்கிய திட்டம் முதலில் சென்னையிலும் கோவையிலும்தான் நடைமுறைக்கு வந்தது. எனவே பல ஆண்டுகள் பழகிய தோட்டக்காரர் ஒருவரை உறவிலோ அக்கம்பக்கத்திலோ கண்டுபிடிப்பது இங்கே கடினமன்று. முன்கூட்டியே அனுமதி கேட்டு, அவர் தண்ணீர் ஊற்றும் நேரத்தில் செல்லுங்கள்; ஒரு நாள் வேலையின் அளவு அப்போதுதான் தெரியும். போகும்போது உங்களிடம் இருக்கும் நாட்டு விதையில் ஒரு கைப்பிடி எடுத்துச் செல்வது மரியாதை.

மேலே ஏறியதும் செடிகளைப் பார்க்காமல் முதலில் தளத்தைப் பாருங்கள். பைகள் நேரடியாகத் தரையில் இருக்கின்றனவா, செங்கல் அல்லது இரும்புத் தாங்கிகளின் மேல் இருக்கின்றனவா? வடியும் நீர் தேங்காமல் மழைநீர்க் குழாய்க்குப் போய்ச் சேருகிறதா? கனமான தொட்டிகள் தளத்தின் நடுவில் இல்லாமல் சுவர்களையும் உத்தரங்களையும் ஒட்டி வைக்கப்பட்டுள்ளனவா? ஈர மண் ஒரு கன அடிக்கு ஏறக்குறைய 50 கிலோ எடை இருக்கும். மாடித் தோட்டத்தில் மண்ணைக் குறைத்துத் தேங்காய்நார்க் கழிவையும் தொழுவுரத்தையும் கூடுதலாகக் கலப்பதன் காரணம் இதுவே. பைகளின் ஓரத்தில் வெண்மையாக உப்புப் படிந்திருந்தால், ஊற்றுவது ஆழ்துளைக் கிணற்று நீரா என்று கேளுங்கள். உங்கள் வீட்டிலும் அதே நீர்தான் என்றால், மழைநீரைச் சேமிக்கும் வழியையும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

படி 4: கேட்க வேண்டியவை

“ஏனுங்க அக்கா, இந்தப் பாகல் பந்தல் ஆடிக் காத்துக்கு எப்படீங்க நிக்குது?” என்பது போன்ற குறிப்பான கேள்விகளுக்கே பயனுள்ள விடை கிடைக்கும். எந்தச் செடி வரவில்லை என்பதையும் தவறாமல் கேளுங்கள். காய்த்தவற்றைப் பற்றி அவர்களே சொல்லிவிடுவார்கள்.

படி 5: வீடு திரும்பிய பின்

அன்பாகக் கொடுத்தனுப்பும் பதியன்களையும் கிளைத் துண்டுகளையும் இரண்டு வாரம் தனியே வைத்திருங்கள். மாவுப்பூச்சி இலைக்காம்புகளின் இடுக்கில் ஒளிந்து வரும் என்பதால், இலைகளின் அடிப்புறத்தையும் கணுக்களையும் பார்த்து உறுதி செய்த பிறகே மற்ற செடிகளுடன் சேர்க்க வேண்டும். பின்னர் கீரை, மிளகாய், கத்தரி, தக்காளி என்று நான்கைந்து பைகளோடு மட்டும் தொடங்கி, அவை ஒரு முறை காய்த்து முடிந்த பிறகு எண்ணிக்கையைக் கூட்டலாம்.