படம் வரைந்து வாங்க எந்த காமிக் கானுக்குப் போவது?

அமெரிக்காவுக்கு வந்த புதிதில், கூட்டம் எங்கே அதிகமோ அங்கேதான் சரக்கும் அதிகம் இருக்கும் என்று நம்பி ஒரு பெரிய காமிக் கானுக்கு, அதாவது காமிக்ஸ் விழாவுக்குப் போனேன். சனிக்கிழமை காலை பத்தரைக்கு, நான் தேடி வந்த ஓவியரின் மேசை முன்னால் போய் நின்றால், "கமிஷன் லிஸ்ட் முடிந்தது" என்று ஓர் அட்டை. கமிஷன் என்றால் நாம் கேட்பதை ஓவியர் காசுக்கு வரைந்து தருவது. ஒரு மாதத்துக்கு முன்பே மெயிலிலேயே லிஸ்ட் நிரம்பிவிட்டதாம். விமான டிக்கெட், ஹோட்டல் எல்லாம் செலவழித்துவிட்டு ஒரு பிரிண்ட்டோடு வீடு திரும்பினேன். அதே தண்டச் செலவு உங்களுக்கும் வராமல் இருக்க, நான் இப்போது பின்பற்றும் முறையைச் சொல்கிறேன்.

1. என்ன வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

ஓவியரிடம் கேட்டு வரைந்து வாங்கும் படமா, பழைய இதழ்களா, அந்த விழாவில் மட்டும் விற்கும் பொம்மைகளா? மூன்றும் வேண்டும் என்று கிளம்பினால் மூன்றிலும் அரைகுறைதான். இந்தப் பதிவில் படத்தைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன். இதழ்களுக்குக் கொஞ்சம் இடம் உண்டு. பொம்மைக்கு ஒரே வரி: சான் டியேகோ காமிக் கானுக்குப் போங்கள், ஆனால் அங்கே பல கடைகளின் வரிசையில் நிற்கவே முன்கூட்டியே குலுக்கல் நடக்கும்.

2. விழாவின் குணத்தைப் பாருங்கள்

சான் டியேகோ காமிக் கான் 1970-இல் தொடங்கியது. இன்று ஒவ்வொரு ஜூலையிலும் 1,30,000 பேருக்கு மேல் கூடுகிறார்கள். சினிமா, டிவி நட்சத்திரங்களைப் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் டிக்கெட் வாங்கவே பல மாதங்களுக்கு முன் பதிவு செய்துகொண்டு ஆன்லைன் வரிசையில் காத்திருக்க வேண்டும். அக்டோபரில் ஜாவிட்ஸ் சென்டரில் நடக்கும் நியூயார்க் காமிக் கானும் 2 லட்சம் பேரைத் தாண்டியிருக்கிறது. ஓவியர்கள் நிறைய வருவார்கள் என்பது உண்மைதான், ஆனால் ஒவ்வொரு மேசை முன்னாலும் உங்களைப் போல ஐம்பது பேர்.

படம்தான் வேண்டும் என்றால் என் முதல் தேர்வு வட கரோலினாவின் சார்லட் நகரில் ஜூனில் நடக்கும் ஹீரோஸ் கான். 1982-இலிருந்து ஒரு காமிக்ஸ் கடையினர் நடத்துவது. நட்சத்திரப் பந்தா கிடையாது. காமிக்ஸ் வரைபவர்கள், எழுதுபவர்கள், விற்பவர்கள், அவ்வளவுதான். நின்று ஐந்து நிமிடம் பேச முடியும். சனிக்கிழமை ஏலத்துக்கென்றே ஓவியர்கள் அங்கேயே உட்கார்ந்து பெரிய படங்களை வரைவார்கள். ஏலத்தில் நீங்கள் கலந்துகொள்ளாவிட்டாலும், மை காயக் காய அதைப் பார்ப்பது தனி சுகம். இரண்டாவது, 2000-இல் தொடங்கிய பால்டிமோர் காமிக் கான். இதுவும் அதே சாதி, பழைய இதழ் வியாபாரிகளும் நிறைய வருவார்கள்.

3. விருந்தினர் பட்டியலைப் படியுங்கள்

விழாவின் இணையதளத்தில் ஓவியர் பட்டியல் இருக்கும். அதில் உங்களுக்குப் பிடித்தவர்கள் குறைந்தது நான்கு பேராவது இருந்தால் மட்டும் டிக்கெட் எடுங்கள். ஒரே ஒருவரை நம்பிப் போனால், கடைசி வாரத்தில் அவர் வரவில்லை என்று அறிவிப்பு வரும்.

4. முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்

எல்லாவற்றிலும் முக்கியம் இதுதான். பல ஓவியர்கள் விழாவுக்குச் சில வாரங்கள் முன்பு தங்கள் இணையப் பக்கத்தில் "லிஸ்ட் திறந்திருக்கிறது" என்று போடுவார்கள். மெயிலில் மூன்றே விஷயம் போதும்: எந்தப் பாத்திரம், எந்த அளவு (தலை மட்டுமா, இடுப்பு வரையா, முழு உருவமா), கறுப்பு வெள்ளையா கலரா. தலை மட்டும் என்றால் 50 முதல் 100 டாலரில் வரைந்து தருபவர்கள் இருக்கிறார்கள். முழு உருவத்துக்குப் பல நூறு ஆகும், பெயர் பெற்றவர் என்றால் ஆயிரத்தையும் தாண்டும். படம் வரையும் வழக்கமான அட்டை 11-க்கு 17 அங்குலம்.

பாத்திரத்தின் படத்தை அச்செடுத்துக் கொண்டுபோங்கள். அரங்கத்துக்குள் போன் சிக்னல் எந்த நேரமும் கைவிடும். நான் சார்லட்டில் கேட்டது இரும்புக்கை மாயாவி. முத்து காமிக்ஸ் படித்து வளர்ந்தவன் வேறு யாரைக் கேட்பான்? மாயாவி பிரிட்டிஷ் காமிக்ஸ்காரர் என்றாலும் எதிரே இருந்த ஓவியருக்கு அவரைத் தெரியவில்லை. "மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், இரும்புக் கை மட்டும் தெரியும்" என்று விளக்கினேன். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அப்போ முழு உருவம் என்றாலும் நான் கையைத்தானே வரையணும்? கைக்கு மட்டும் காசு கொடு." அடுத்த நாள் போய் வாங்கியபோது, ஒரு ஸ்விட்ச் போர்டும், அந்தரத்தில் ஒரு கையும், காலியாக ஒரு கோட்டும் இருந்தன.

5. பழைய இதழ் வாங்கினால்

ஓவியரிடம் விலை குறைக்கச் சொல்லாதீர்கள். அவர் விற்பது தன் நேரத்தை. ரங்கநாதன் தெருவில் பழகிய நாக்கை வியாபாரியிடம் மட்டும் காட்டுங்கள், அதுவும் ஞாயிறு மதியம், பெட்டிகளைத் திரும்பத் தூக்கிப்போக அவர் அலுத்துக்கொள்ளும் நேரத்தில். கமிஷனுக்கு மட்டும் நேர்மாறு, வெள்ளிக்கிழமை கதவு திறந்ததும் போய்விட வேண்டும்.

விலையுயர்ந்த இதழ் என்றால் உள்ளே புரட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள். 1974-இல் வந்த மார்வெலின் ஹல்க் 181-ஆம் இதழ், வோல்வரின் என்ற சூப்பர் ஹீரோ முழுதாக வந்த முதல் கதை. அதன் வாசகர் கடிதப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்டாம்ப் அச்சாகியிருந்தது. அந்தக் காலத்துப் பிள்ளைகள் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துவிட்டார்கள். அட்டை பளபளவென்று இருக்கும், உள்ளே ஒரு சதுர ஓட்டை இருக்கும். விலையில் பெரும் பகுதி அந்த ஓட்டை வழியாகப் போய்விடும். இந்தத் தொல்லை வேண்டாம் என்றால், சிஜிசி போன்ற நிறுவனங்கள் இதழின் நிலையைப் பார்த்து 10-க்கு மதிப்பெண் போட்டு பிளாஸ்டிக்கில் சீல் வைத்த பிரதியை வாங்கலாம். அதற்கு விலை கூட.

6. கொண்டு வருவது

ரொக்கம் கொண்டுபோங்கள், அதில் சில்லறை நோட்டுகளும் இருக்கட்டும். படத்தைச் சுருட்டிக் குழாயில் போடாதீர்கள், தடித்த அட்டை மடங்கிக் கோடு விழும். 11-க்கு 17 அளவில் கெட்டியான போர்ட்ஃபோலியோ ஃபைல் ஒன்று வாங்கிவிடுங்கள். விமானத்தில் அதைத் தலைக்கு மேலே உள்ள பெட்டியில் வைப்பதாக இருந்தால், எல்லோரும் பெட்டி ஏற்றி முடித்த பிறகு மேலாக வையுங்கள். நான் முதல் ஆளாக வைத்தேன். மாயாவியின் வலது கீழ் மூலை இப்போது ஃபிரேமுக்குள் மறைந்திருக்கிறது.