பூக்கடைக் கணக்குப்பிள்ளையும் அக்செப்டன்ஸ் டெஸ்டும்

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்கு பில்லிங் மென்பொருள் செய்தோம். பயன்படுத்துகிறவருக்கு வேண்டியபடி மென்பொருள் வேலை செய்கிறதா என்று பார்ப்பதுதான் அக்செப்டன்ஸ் டெஸ்ட். லாகின், விவசாயி பதிவு, எடை, பில், ரிப்போர்ட் என்று அந்த டெஸ்டெல்லாம் ஸ்கிரீன் வாரியாக எழுதியிருந்தேன். அத்தனையும் பாஸ். முதல் நாள் விடியற்காலை, முதல் மூட்டையிலேயே கணக்குப்பிள்ளை அண்ணன் நின்றுவிட்டார்.

"தம்பி, விலை இன்னும் முடியலையே. விலை போடாம இது சேவ் ஆக மாட்டேங்குது."

வரத்தையும் முகூர்த்தத்தையும் பொறுத்து மல்லிகை விலை நேரத்துக்கு நேரம் மாறும். எடை போடும்போது விலை ஏது?

அதற்கப்புறம் நான் செய்கிற முறை இது. முதலில் கடையில் போய் உட்காருங்கள். டீ வாங்கிக் கொடுங்கள், வாயைத் திறக்காதீர்கள். அவர் செய்வதை அவர் சொல்கிற பேரிலேயே குறியுங்கள்: 'எடை போட்டுச் சீட்டுக் கொடுக்கிறது', 'விலை முடிஞ்சதும் பில் போடுறது', 'முன்பணம் கழிச்சுப் பட்டுவாடா பண்றது'. ஒவ்வொன்றின் டெஸ்டுகளுக்கும் ஒரு ஃபோல்டர். 'பில் மாட்யூல்' என்று ஒரு ஃபோல்டர் முளைத்தால் பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.

வேலை சேவ் பட்டனில் முடிவதில்லை. அவர் அடுத்த ஆளைக் கூப்பிடும்போதுதான் முடிகிறது. டெஸ்டும் அதுவரை போகணும். உசிலம்பட்டி விவசாயி, 12 கிலோ மல்லி, கிலோ 500 ரூபாய், கமிஷன் 10 சதம், பாக்கி முன்பணம் 5,000, இன்றைக்குக் கழிப்பது 1,000 என்று வையுங்கள். கையில் 4,400 கிடைக்கணும், பாக்கி 4,000 என்று காட்டணும். இரண்டையும் பார்க்காத டெஸ்ட் பாதி டெஸ்ட். நடுவில் கரண்ட் போனால் என்ன ஆகும் என்கிற டெஸ்டும் இதே ஃபோல்டரில்தான்.

சாதாரண வாக்கியங்களாக எழுதிய டெஸ்டை ஓட்டும் கருவி குக்கும்பர். அதில் இதைத் தமிழிலேயே எழுதலாம். 'அம்சம்', 'காட்சி', 'எப்போது', 'அப்பொழுது' எல்லாம் அதற்குப் புரியும். தொடக்க நிலையைச் சொல்ல அது கேட்கும் 'கொடுக்கப்பட்ட' என்ற சொல்லை மதுரையில் யாரும் பேசமாட்டார்கள்தான். ஆனாலும் அண்ணன் படித்துவிட்டு, "கமிஷனுக்கு முன்னாடி முன்பணத்தைக் கழிக்கக் கூடாதுப்பா" என்று திருத்தினார். அது போதாதா?

அந்த வரிகளில் பட்டன் பேர் வேண்டாம். கிளிக்கெல்லாம் கீழே, ஒவ்வொரு வரியையும் செய்து காட்டும் ஸ்டெப் கோடுக்குள் இருக்கட்டும். லாகினை ஒரே டெஸ்டில் பாருங்கள். மற்றவற்றில் விவசாயி, பழைய பாக்கி எல்லாவற்றையும் ஸ்கிரீனைத் தொடாமல் ஏபிஐ வழியாக, அதாவது புரோகிராமிலிருந்தே நேராகப் போட்டுவிட்டு நேரே வேலையில் தொடங்குங்கள். எந்த வேலையிலும் சேராத பழைய டெஸ்டுகள் மிஞ்சும். போன் நம்பர் 10 இலக்கமா என்பது போன்றவை, கோடின் சின்னச் சின்னத் துண்டுகளைத் தனியாகப் பார்க்கும் யூனிட் டெஸ்டுக்குப் போகட்டும்.

முன்பெல்லாம் ராத்திரி ரன்னில் 'பில் 07 ஃபெயில்' என்று வரும். இப்போது 'முன்பணம் கழிச்சுப் பட்டுவாடா பண்றது' என்றே சிவப்பில் வருகிறது. டெவலப்பரை உடனே எழுப்பணுமா, விடியும்வரை தூங்க விடலாமா என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.